வேர்டு ஏற்றினால் கட்டம் கட்டமாக வருகிறது: அச்சு மேலாண்மை மென்பொருளில் கோப்பு மாற்றும் அமைப்பை எப்படி வைப்பது?

காட்பாடி அச்சறை

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியின் பிரிண்ட் ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கோப்பை பிரவுசரில் ஏற்றிவிட்டு, பிரிண்டரிடம் வந்து ஐடி கார்டைக் காட்டி எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும். பிடிஎஃப் ஏற்றினால் ஒரு தொல்லையும் இல்லை. வேர்டு, எக்ஸல், பவர்பாயிண்ட் ஏற்றினால் சர்வர் முதலில் அதை பிடிஎஃப் ஆக மாற்றி, அப்புறம்தான் க்யூவுக்கு (அச்சு வரிசைக்கு) அனுப்புகிறது. கோளாறெல்லாம் அந்த இடத்தில்தான்.

தமிழ்த் துறைப் பிள்ளைகளின் கட்டுரைகளில் சில வெறும் கட்டம் கட்டமாக வருகின்றன. சில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக வருகின்றன. எழுத்து சரியாக வந்தாலும், லேப்டாப்பில் 12 பக்கம் இருந்தது இங்கே 14 ஆகிவிடுகிறது. இரண்டு பக்கக் காசு கூடுதலாகப் போகிறது. சிலவற்றில் கடைசி வரிகள் வெட்டுப்படுகின்றன. இன்னும் சில 'மாற்றப்படுகிறது' என்று காட்டியபடியே மணிக்கணக்கில் நிற்கின்றன.

நிறுவிக் கொடுத்தவர்கள் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கோப்பு வகைகளை ஏற்பது, எந்தக் கணினியில் மாற்றுவது, தாள் அளவு என்ன, படத்தின் துல்லியம் எவ்வளவு, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று கேட்டுக்கொண்டே போகிறது. எதில் முதலில் கை வைப்பது? ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எடுக்கும் கூட்டம் வருவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

சத்துவாச்சாரி டிடிபி

கட்டமும் குழப்பமும் ஒரே நோய் இல்லை. அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டம் வந்தால் அந்தக் கோப்பு யூனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில்) இருக்கிறது, ஆனால் மாற்றும் கணினியில் தமிழ் ஃபான்ட் எதுவுமே இல்லை என்று பொருள். எந்த யூனிகோடு தமிழ் ஃபான்டைப் போட்டாலும் எழுத்து வந்துவிடும். ஆங்கில எழுத்துக் குழப்பம் வந்தால் அது பாமினி, சன்டாமி, வானவில் போன்ற பழைய ஃபான்டில் அடித்தது. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கிலம்தான். அதே ஃபான்ட் இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். வேறு எந்தத் தமிழ் ஃபான்டை நிறுவினாலும் பலன் இல்லை.

1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு தமிழ் எழுத்துக் குறிமுறைகளை அறிவித்தது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறிமுறைக்கும் மாறியது. ஆனாலும் கடைகளில் பாமினி போகவில்லை. எங்கள் தெருவில் டைப்பிங் வேலை எடுக்கும் கடைகளில் இன்றைக்கும் பாதிக்கு மேல் அதில்தான் ஓடுகிறது. உங்கள் மாணவர்கள் கட்டுரையை வெளியே அடிக்கக் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் இது வந்துகொண்டேதான் இருக்கும்.

ராணிப்பேட்டை சர்வர்

மேடம், மாற்றுவது எந்தக் கணினி, எந்த மென்பொருள் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸா, லிப்ரே ஆபிஸா? அது தெரியாமல் யோசனை சொன்னால் உங்களுக்கு வீண் அலைச்சல்.

காட்பாடி அச்சறை

உபுண்டு (லினக்ஸ்) சர்வர், அதில் லிப்ரே ஆபிஸ். டிடிபி ஐயா சொன்னதற்கு முன்பே நான் நோட்டோ என்ற இலவச யூனிகோடு தமிழ் ஃபான்டை அதில் போட்டுப் பார்த்தேன். என் லாகினில் நுழைந்து நானே ஒரு கோப்பை மாற்றினால் தமிழ் அழகாக வருகிறது. மாணவர் பிரவுசர் வழியாக ஏற்றினால் அதே கோப்பு கட்டமாகிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ராணிப்பேட்டை சர்வர்

நீங்கள் சொன்ன கடைசி இரண்டு வரியிலேயே விடை இருக்கிறது. ஃபான்டை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவியிருக்கிறீர்கள். அச்சு மென்பொருள் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு சேவைப் பயனர் பெயரில் ஓடுகிறது. அந்தப் பயனருக்கு உங்கள் ஃபோல்டரில் இருக்கும் ஃபான்ட் தெரியாது. கணினி முழுமைக்கும் பொதுவான ஃபான்ட் ஃபோல்டரில் போட்டு, ஃபான்ட் கேஷை (கணினி வைத்திருக்கும் ஃபான்ட் பட்டியலை) புதுப்பித்து, மாற்றும் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லிப்ரே ஆபிஸ் புதிய ஃபான்டைத் தானாகப் பார்க்காது. பலரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ஃபான்ட் சரியில்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

விண்டோஸிலும் இதே கதைதான். இப்போதைய விண்டோஸில் ஃபான்டை வழக்கம்போல் நிறுவினால் லாகின் செய்தவருக்கு மட்டும் போகிறது. வலது சொடுக்கி 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று நிறுவ வேண்டும்.

அடுத்தது பக்க எண்ணிக்கை. மாணவர் வேர்டில் ஆங்கிலத்துக்குக் கலிப்ரியும் தமிழுக்கு லதா ஃபான்டோ நிர்மலாவோ வைத்திருப்பார். உங்கள் லினக்ஸ் சர்வரில் இவை எதுவும் கிடையாது. லிப்ரே ஆபிஸ் கையில் கிடைத்த வேறொன்றைப் போடும். அகலமும் வரி உயரமும் மாறும், பக்கம் நீளும். கலிப்ரிக்கு இணையான அளவுள்ள கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸ் நியூ ரோமன், ஏரியலுக்கு லிபரேஷன் என்று இலவச ஃபான்ட்கள் இருக்கின்றன. எழுத்து வடிவம் கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஒன்று என்பதால் வரி அதே இடத்தில் உடையும். இவற்றை நிறுவினாலே ஆங்கிலக் கோப்புகளின் பக்கக் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகும். 2023-க்குப் பிறகு வந்த வேர்டில் ஆப்டாஸ் என்ற புது ஃபான்ட் இயல்பாக வருகிறது. அதற்கு இப்படி ஈடு கட்ட முடியாது.

தமிழுக்கும் முடியாது. லதா, நிர்மலா அளவுக்கே ஒத்த இலவச ஃபான்ட் எதையும் நான் பார்த்ததில்லை. விண்டோஸிலிருந்து எடுத்து லினக்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். அவை விண்டோஸ் உரிமத்தோடு வருபவை, ஒரு கல்லூரி அப்படிச் செய்யக்கூடாது. லிப்ரே ஆபிஸில் ஃபான்ட் மாற்று அட்டவணை ஒன்று உண்டு. லதா கேட்டால் இதைப் போடு என்று சொல்லி, 'எப்போதும்' என்பதை டிக் செய்யலாம். 'திரைக்கு மட்டும்' என்பதை டிக் செய்தால் பிடிஎஃபில் எடுபடாது. இந்த அட்டவணையும் பயனர் வாரியாகத்தான் சேமிக்கப்படும். சேவைப் பயனரின் சுயவிவர ஃபோல்டரில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

சத்துவாச்சாரி டிடிபி

லதாவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. 'தமிழ்த் துணை எழுத்துருக்கள்' என்ற விருப்ப அம்சத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதனால் மாணவரின் லேப்டாப்பில் பெயர்ப் பெட்டியில் லதா என்று இருக்கும், திரையில் நிர்மலா தெரியும். பேராசிரியரின் பழைய கணினியில் அதே கோப்பு உண்மையான லதாவில் திறக்கும், பக்கம் வேறாக இருக்கும். எல்லாப் பழியையும் உங்கள் சர்வர் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தோட்டப்பாளையம் ஜெராக்ஸ்

இவ்வளவு தலைவலி எதற்கு மேடம்? அமைப்புப் பக்கத்தில் வேர்டு, எக்ஸல் டிக்கை எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் ஏற்கப்படும் என்று போர்டு வையுங்கள். நாங்கள் கடையில் யார் வந்தாலும் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு வாங்க என்றுதான் சொல்கிறோம்.

பாகாயம் மாணவி

அண்ணா, உங்கள் கடையில் நீங்கள் சொல்லலாம், எதிரே இன்னொரு கடை இருக்கும். கல்லூரியில் அப்படி இல்லை. எங்கள் வகுப்பில் பலருக்கு லேப்டாப்பே கிடையாது. போனில் தட்டச்சு செய்கிறார்கள், இல்லாவிட்டால் தோழியின் கணினியில் முடித்து பென்டிரைவில் எடுத்து வருகிறார்கள். இரவு ஹாஸ்டலிலிருந்து ஏற்றி, காலையில் வகுப்புக்கு முன் எடுத்தாக வேண்டும். 'இந்த வகை ஏற்கப்படாது' என்று திரையில் வந்தால் அந்த நேரத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

எங்களுக்கு வேர்டு எடுக்காது என்பதைவிடப் பெரிய வருத்தம், எத்தனை பக்கம் வரும் என்று தெரியாமலே காசு போவது. மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டு, நாங்கள் சரி என்றால் மட்டும் அச்சடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ராணிப்பேட்டை சர்வர்

நல்ல கேள்வி. பெரும்பாலான அச்சு மேலாண்மை மென்பொருள்களில் வேலையை உடனே பிரிண்டருக்கு அனுப்பாமல் பிடித்துவைக்கும் வசதி உண்டு. கார்டு காட்டி எடுக்கும் முறை என்றாலே அது ஏற்கெனவே இருக்கிறது. பக்க எண்ணிக்கையும் தொகையும் மாற்றி முடித்த பிடிஎஃபிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. அந்த எண்ணை, முடிந்தால் முன்னோட்டப் படத்தையும், மாணவர் தன் பக்கத்தில் பார்க்கும்படி திறந்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நீக்கலாம். அச்சடிக்கும் வரை காசு கழியக்கூடாது.

பிடிஎஃப் மட்டும் என்ற யோசனையை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் அதைக் கட்டாயமாக்குவதைவிட எளிதாக்குவது நல்லது. போனில் கூகுள் டாக்ஸ் வைத்திருப்பவர்கள் 'நகலை அனுப்பு' என்பதில் பிடிஎஃப் தேர்ந்தெடுத்தாலே போதும். வேர்டிலும் சேமிக்கும்போது பிடிஎஃப் வகை உண்டு. ஏற்றும் பக்கத்திலேயே அதைப் படத்தோடு போடுங்கள். கோப்பு எந்தக் கணினியில் உருவானதோ அங்கேயே பிடிஎஃப் ஆனால் ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடும், சர்வரில் ஒன்றும் தேவையில்லை. பதிந்திருக்கிறதா என்று பார்க்க, அடோபி ரீடரில் ஆவணப் பண்புகளைத் திறந்து ஃபான்ட் தாவலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும்.

பாமினிக் கோப்புகளுக்கும் இதுதான் சரியான வழி. எல்லாப் பழைய ஃபான்டையும் சர்வரில் தேடிப்பிடித்து நிறுவ முயல்வது முடிவில்லாத வேலை.

தோட்டப்பாளையம் ஜெராக்ஸ்

தங்கச்சி சொன்னது நியாயம். போர்டு யோசனையை நான் திரும்பப் பெறுகிறேன்.

இந்தப் பழைய ஃபான்ட் விவகாரம் தமிழோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கடை பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள் தினமும் வருவார்கள். இந்தப் பக்கம் லாட்ஜ், மருந்துக்கடைப் பலகைகளில்கூட வங்காளி எழுத்து இருக்கும். அவர்கள் ஊரிலிருந்து வாட்ஸப்பில் வரவழைக்கும் வேர்டு கோப்பு பல நேரம் சுடன்னி என்ற பழைய ஃபான்டில் இருக்கும். பாமினி மாதிரியேதான், ஃபான்ட் இல்லாவிட்டால் ஆங்கிலக் குழப்பம். நோயாளியோடு வந்தவருக்கு அந்தக் காகிதம் அன்றைக்கே வேண்டும். அனுப்பியவரையே பிடிஎஃப் ஆக்கி மறுபடி அனுப்பச் சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த உறுதியான வழி. காட்பாடிக் கல்லூரிகளிலும் வெளி மாநிலப் பிள்ளைகள் நிறைய. வங்காளி, தெலுங்கு, இந்தி, மலையாளம் நோட்டோ ஃபான்ட்களையும் சேர்த்தே நிறுவிவிடுங்கள். ஒரே வேலையாக முடியும்.

படங்களில் ஒரு விஷயம். ஐபோனில் எடுத்த படம் ஹெய்க் வகையில் வரும். 2017 முதல் அதுதான் இயல்பு. பல மென்பொருள்கள் அதை ஏற்காமல் திருப்பிவிடும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் துல்லியம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போனில் ஸ்கேன் எடுத்த கறுப்பு வெள்ளைக் காகிதம் பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் உள்ளே லேசான மஞ்சள் இருக்கும். மென்பொருள் அதைக் கலர் பக்கமாகக் கணக்குப் போட்டுவிடும். வேர்டில் நீல நிற இணைய முகவரி ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் கலர்தான்.

காட்பாடி அச்சறை

கலர் கணக்குப் புகாரும் எங்களுக்கு வருகிறது, நான் முதல் பதிவில் எழுத விட்டுப்போயிற்று. அதற்கு அமைப்பு எங்கே?

ராணிப்பேட்டை சர்வர்

கலர் கண்டறிதல் இரண்டு விதம். ஆவணம் முழுவதையும் ஒன்றாக எடுத்தால் ஒரு பக்கம் கலர் இருந்தாலும் எல்லாப் பக்கத்துக்கும் கலர் கட்டணம். பக்கவாரியாக எடுத்தால் கலர் இருக்கும் பக்கத்துக்கு மட்டும். பிரிண்டர் வாரியாக இதைத் தேர்ந்தெடுக்கலாம், பக்கவாரி வையுங்கள். அதோடு மாணவர் ஏற்றும்போதே 'கறுப்பு வெள்ளை' என்ற தேர்வு முதலில் டிக் ஆகி இருக்கட்டும். கலர் வேண்டும் என்பவர் மாற்றிக்கொள்வார்.

குடியாத்தம் குமாஸ்தா

நான் வக்கீல் ஆபிஸ் குமாஸ்தா. சர்வர் எல்லாம் தெரியாது, தாள் தெரியும். கடைசி வரி வெட்டுப்படுவது எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள்.

ஏ4 தாள் 210 க்கு 297 மி.மீ. அமெரிக்க லெட்டர் 216 க்கு 279. ஏ4-இல் தயாரித்ததை லெட்டர் என்று வைத்த க்யூவுக்கு அனுப்பினால் உயரத்தில் 18 மி.மீ. போகும், அடியில் வெட்டும். லெட்டரில் தயாரித்ததை ஏ4-இல் எடுத்தால் அடியில் இடம் மிஞ்சும், பக்கவாட்டில்தான் நெருக்கும். நாங்கள் பச்சைத் தாளில் எடுக்கும் லீகல் 216 க்கு 356. அதை ஏ4 க்யூவில் விட்டால் அடியில் நாலைந்து வரிக்கு மேல் காணாமல் போகும். மனுவில் கையெழுத்துப் போடும் இடமே அதுதான்.

உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலிலிருந்து ஏ4-க்கு வந்துவிட்டது. எங்கள் மேஜையில் ஏ4, லீகல் இரண்டும் கிடக்கின்றன. அதனால் க்யூவையே இரண்டாக வைத்துவிட்டோம். ஒன்று ஏ4, இன்னொன்று லீகல். ஒரே க்யூவில் 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்று போட்டால் லீகல் மனு ஏ4-இல் சுருங்கி எழுத்து பொடியாகிவிடும்.

ராணிப்பேட்டை சர்வர்

குமாஸ்தா அண்ணா சொன்னதை வைத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன். அடியில் வெட்டுகிறது என்பதால் உங்கள் சர்வரில் எங்கோ லெட்டர் ஒளிந்திருக்கிறது. உபுண்டுவை அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி, நாட்டு அமைப்பில்) நிறுவியிருந்தால் இயல்புத் தாள் லெட்டராகிவிடும். கணினியின் பொதுத் தாள் அமைப்பு, லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் க்யூவில் உள்ள இயல்புத் தாள், அச்சு மென்பொருளின் மாற்றும் அமைப்பு, பிரிண்டரின் ட்ரே அமைப்பு என்று எல்லா இடத்திலும் ஏ4 இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் போதும். வேர்டு கோப்பு தன் தாள் அளவைத் தானே சொல்லும். டெக்ஸ்ட் கோப்பும் படமும் சொல்லாது, சர்வரின் இயல்பைத்தான் எடுத்துக்கொள்ளும். சுருக்குவதை ஒரே ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். மாற்றும்போது ஒருமுறை, டிரைவரில் ஒருமுறை என்று இரண்டு தடவை சுருங்கினால் ஓரம் அகன்றுபோகும்.

படத் துல்லியம்: உங்கள் மென்பொருள் உள்ளே பிடிஎஃபைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறது என்றால் 'ஸ்கிரீன்', 'இபுக்', 'பிரிண்டர்' என்று தயார்நிலைத் தேர்வுகள் இருக்கும். ஸ்கிரீன் 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), இபுக் 150, பிரிண்டர் 300. கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று ஸ்கிரீனில் வைத்தால் ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தில் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். பிரிண்டர் என்பதில் வையுங்கள்.

இப்போது நின்றுபோகும் கோப்புகள். இதற்கு இரண்டு காரணங்கள் அதிகம். கடவுச்சொல் போட்ட கோப்பு, இணைப்பைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கும் எக்ஸல். திரையே இல்லாத சர்வரில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? அது காத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, லிப்ரே ஆபிஸ் ஒரே சுயவிவர ஃபோல்டரில் ஒரே நேரத்தில் ஒரு தடவைதான் ஓடும். இருவர் ஒன்றாக ஏற்றினால் இரண்டாவது முட்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சுயவிவர ஃபோல்டர் கொடுங்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள். அது தாண்டினால் நிறுத்திவிட்டு 'மாற்ற முடியவில்லை, பிடிஎஃப் ஆக ஏற்றவும்' என்று மாணவருக்குத் தமிழிலேயே செய்தி போகட்டும்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியம். இந்தக் கணினி யார் யாரோ கொடுக்கும் கோப்புகளைத் திறக்கிறது. மேக்ரோவை (கோப்புக்குள் தானாக ஓடும் சிறு நிரலை) முழுக்க மூடுங்கள். சேவைப் பயனருக்கு நிர்வாக உரிமை கூடாது. மதிப்பெண், சம்பளக் கணக்கு இருக்கும் சர்வர்களை இது தொட முடியாதபடி நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்துவிடுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் 2019-இல் வந்த 9.50-க்கு முந்தையது என்றால் புதுப்பியுங்கள். அதிலிருந்துதான் கோப்புகளைக் கண்டபடி தொடவிடாத பாதுகாப்பு முறை இயல்பாக இயங்குகிறது. பிரிண்ட் சர்வரை யார் தாக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2023-இல் பேப்பர்கட் என்ற அச்சு மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்தும், போட்டுக்கொள்ளாத சர்வர்களை ஏப்ரலில் தேடித் தேடித் தாக்கினார்கள்.

சத்துவாச்சாரி டிடிபி

தமிழ்க் கோப்பு அதிகம் என்றால் லிப்ரே ஆபிஸை விட்டுவிட்டு உண்மையான வேர்டிலேயே மாற்றக்கூடாதா? பக்கம் மாறாதே.

ராணிப்பேட்டை சர்வர்

செய்யலாம் ஐயா. பேப்பர்கட்டில் அப்படித்தான் ஏற்பாடு. தனியாக ஒரு விண்டோஸ் கணினியோ மெய்நிகர் கணினியோ வைத்து, அதில் ஆபிஸ் நிறுவி, ஒரு பயனர் எப்போதும் லாகின் ஆகி இருக்க வேண்டும். சர்வர் ஒரு பகிர்வு ஃபோல்டரில் கோப்பைப் போடும், அந்தக் கணினி எடுத்து வேர்டில் திறந்து மாற்றிக் கொடுக்கும். லதா, விஜயா துணை எழுத்துருக்களையும் அதில் சேர்த்துவிட்டால் தமிழ்ப் பக்கக் கணக்கு பெருமளவு ஒத்துவரும்.

ஆனால் அதற்கும் பராமரிப்பு வேண்டும். கரண்ட் போய் வந்தால் கணினி லாகின் திரையில் நின்றுவிடும், ஒரு வேலையும் நகராது. தானாக லாகின் ஆகும்படி வைக்க வேண்டும். அப்படி வைப்பதால் அந்தக் கணினி பூட்டிய அறையில் இருக்க வேண்டும். யுபிஎஸ் கட்டாயம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் வைத்தால் நம்ம ஊரில் நிற்காது. எக்ஸல் தன் பக்கத்தை இயல்பு பிரிண்டரைப் பார்த்துப் பிரிக்கும் என்பதால் அதிலும் ஏ4-ஐ இயல்பாக வையுங்கள். பார்வையாளர் இல்லாமல் சர்வரில் தானாக ஆபிஸ் ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. அதனால்தான் பிரதான சர்வரில் இல்லாமல் தனிக் கணினியில் வைக்கிறார்கள். உரிமம் எத்தனை பேருக்குச் செல்லும் என்பதையும் வாங்கும் இடத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடி அச்சறை

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து வேலை நடந்திருக்கிறது, அதை இங்கே பதிகிறேன்.

நோட்டோ ஃபான்ட்களைப் பொது ஃபோல்டருக்கு மாற்றி, சேவையைத் தொடங்கியதும் கட்டம் அடியோடு போய்விட்டது. வங்காளி, தெலுங்கு, இந்தி, மலையாளமும் சேர்த்துவிட்டேன். கார்லிட்டோ, கலாடியா, லிபரேஷன் போட்ட பிறகு ஆங்கில ரிப்போர்ட்டுகள் அநேகமாக அதே பக்கத்தில் நிற்கின்றன. லெட்டர் கப்ஸ் க்யூவில் இருந்தது. அதை ஏ4 ஆக்கியதும் அடி வெட்டு நின்றது. சட்டத் துறைக்கு லீகல் க்யூ தனியாகத் திறந்திருக்கிறேன், குமாஸ்தா அண்ணாவுக்கு நன்றி.

வேர்டு டிக்கை எடுக்கவில்லை. பாகாயம் மாணவி சொன்ன முன்னோட்டத்தைத் திறந்துவிட்டேன். பக்க எண்ணிக்கையும் தொகையும் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வேலை கார்டுக்குக் காத்திருக்கும். புகார் வெகுவாகக் குறைந்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பக்கம் கூடினாலும் முன்கூட்டியே தெரிகிறது, பிள்ளைகள் ஓரத்தைக் குறைத்தோ பிடிஎஃப் ஆக்கியோ மறுபடி ஏற்றுகிறார்கள். பாமினிக் கோப்புக்கு அடித்துக்கொடுத்த கடையிலேயே பிடிஎஃப் கேட்டு வாங்கும்படி தமிழ்த் துறையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். விண்டோஸ் கணினி ஒன்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வந்தால் தமிழ் வேர்டு கோப்புகளை மட்டும் அதற்குத் திருப்புவேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். மாற்றிய பிடிஎஃப்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே போகின்றன. திறந்து பார்த்தால் யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கை, இன்னொருவரின் ஆதார் நகல். இவற்றை எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

தோட்டப்பாளையம் ஜெராக்ஸ்

வைக்கவே கூடாது மேடம். எங்கள் கடையில் பிரிண்ட் கையில் கொடுத்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறோம். அவர்கள் கொண்டுவருவது பயாப்ஸி ரிசல்ட்டும் பாஸ்போர்ட்டும்.

ராணிப்பேட்டை சர்வர்

அதேதான். அச்சடித்து முடிந்ததும் மாற்றிய கோப்பு அழிய வேண்டும் என்பதற்கு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். எடுக்காமல் விட்ட வேலைகள் மறுநாள் தானாகப் போகட்டும். தோல்வியடைந்தவற்றைக் காரணம் பார்க்க ஒரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அச்சுக் காப்பகம் என்று ஒரு வசதி இருந்தால், நிர்வாகம் எழுத்தில் கேட்காத வரை அணைத்து வையுங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, கல்லூரிக்கும் அதில் பொறுப்பு உண்டு. பேக்கப் எடுக்கும் பட்டியலில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே அழித்துவிட்டு, பேக்கப் டிஸ்கில் வருடக்கணக்காக வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

காட்பாடி அச்சறை

பார்த்தேன், பேக்கப்பில் இருந்தது. எடுத்துவிட்டேன். பழைய நகல்களை அழிக்க நிர்வாகத்திடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.